நாலு முடிச்சு ஒயர்

அண்ணியின் இருபத்தேழு ஒயர்களில் கட்டியிருந்த நூலை ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்தது யார் என்று எங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் என்னைத்தான் காட்டுவார்கள். நான் மறுக்கப் போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் அண்ணி யார் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குப் புரியாது.

என் அண்ணனின் மனைவி. நாற்பத்தாறு வயது. கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் பதினொரு பேர் வேலை செய்கிற எங்கள் கம்பெனியில் அவர்தான் சோதனைப் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அண்ணி. நாங்கள் தயாரிப்பது சட்டைப் பைக்குள் அடங்கும் எஸ்எஸ்டி பெட்டிகள். படம், வீடியோ, ஃபைல் எல்லாவற்றையும் அதில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். உள்ளே வைக்கும் சிப்பு வெளியிலிருந்து வரும். நாங்கள் அதைக் கூட்டில் பொருத்தி, சோதித்து, அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறோம். அட்டைப்பெட்டியின் மேல் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பெட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். அண்ணி ஒயரைப் பற்றித்தான் பேசுவார். அதற்கு ஒரு காரணம் உண்டு.

இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் இருந்தார். அன்றன்று எடுத்த படங்களை எல்லாம் மாலையில் ஒரு எஸ்எஸ்டியில் ஏற்றி டிரைவரிடம் கொடுப்பார். டிரைவர் அதைப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோவார். ஆறு மணிக்கு மேல் டாக்டர் இருக்கமாட்டார். ஒரு நாள் புத்தம் புதுப் பெட்டி வந்தது. பழையதைவிடப் பத்து மடங்கு வேகம் என்றார்கள். அண்ணி நாலரை மணிக்குச் செருகினார். ஐந்து மணி ஆனது, ஐந்தரை ஆனது, திரையில் பச்சைக்கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. டிரைவர் கிளம்பும்போது மணி ஆறேகால். டாக்டர் போய்விட்டார். ஒரு பெரியவரின் ஸ்கேன் முடிவு ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அவருடைய மகள் வராந்தா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததை அண்ணியால் மறக்க முடியவில்லை.

எல்லோரும் பெட்டியைத்தான் திட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அண்ணி தற்செயலாக வேறொரு ஒயரை எடுத்துச் செருகினார். ஒன்றேமுக்கால் மணி நேர வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. அதுவரை செருகிக்கொண்டிருந்தது மேஜையில் கிடந்த ஃபோன் சார்ஜர் ஒயர். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தது. அன்றைக்கே நல்ல ஒயரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். முதல் முடிச்சு அதுதான்.

“முன்னாடியெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வாய் இருந்துச்சு. சதுரமா ஒண்ணு, பட்டையா ஒண்ணு. தப்பான ஒயர்னா நுழையவே நுழையாது. இப்ப எல்லாத்துக்கும் ஒரே வாய், டைப் சி. தப்பான ஒயரும் நுழையுது. அதான் வம்பு” என்பார். இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் இல்லை. பால் போடுகிறவர் உட்பட.

எங்கள் கம்பெனிக்கு வந்த பிறகு முடிச்சு ஒரு சட்டமாகவே ஆயிற்று. ஒயர் ஒரு நொடிக்கு எத்தனை ஜிகாபிட் கடத்தும் என்பதுதான் கணக்கு. ஜிகாபிட் என்றால் என்ன என்று தெரியாவிட்டால் பாதகமில்லை, எண் ஏறினால் வேகம் ஏறும், அவ்வளவுதான். ஐந்துக்கு ஒரு முடிச்சு, பத்துக்கு இரண்டு, இருபதுக்கு மூன்று, நாற்பதுக்கு நாலு. சார்ஜர் ஒயருக்கு நூலே கிடையாது. வாங்கும்போதே சோதித்து, அண்ணனுடைய பழைய சட்டையிலிருந்து உருவிய நூலைக் கட்டிவிடுவார். ஆபீசில் அவருக்கு ‘முடிச்சு அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளிக்கு முப்பத்தைந்து வயது. நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். புதிதாக வரப்போகும் பெட்டிக்கு இருபது போகிற சிப்பு போதும், விலையும் குறைவு என்பது அவர் கட்சி. நாற்பது போகிற சிப்பைத்தான் போட வேண்டும் என்பது அண்ணியின் கட்சி. முதலாளி கேட்டார், “ஏன்க்கா, புது லேப்டாப் எல்லாம் நாற்பதே போகுதே. நாற்பது தெரிஞ்சவனுக்கு இருபது தெரியாதா?”

“தெரியாது சார். அதான் கூத்தே.”

அது உண்மையிலேயே கூத்துதான். அந்த இருபது என்பது, இந்தக் கருவிகளெல்லாம் பின்பற்றும் பழைய யுஎஸ்பி விதியின் கடைசிப் பிள்ளை. அதன்பின் வந்த புது விதி நாற்பதைக் கட்டாயமாக்காவிட்டாலும் தன் வழியிலேயே வைத்துக்கொண்டது. இந்த இருபதை மட்டும் ‘இஷ்டமிருந்தால் சேர்த்துக்கொள்’ என்று வாசலில் நிறுத்திவிட்டது. இஷ்டப்பட்டவர்கள் குறைவு. அதனால் இருபது போகிற பெட்டியைப் புது லேப்டாப்பில் செருகினால், இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த பத்துக்கு இறங்கிவிடும். அண்ணி இதைக் கேள்விப்பட்டு நம்பவில்லை, அலைந்து பார்த்தார். பல் டாக்டர் வீடு, பள்ளிக்கூடம், சம்பந்தி வீடு என்று முப்பத்தொரு கம்ப்யூட்டரில் செருகி நோட்டில் எழுதினார். இருபது முழுதாக வந்தது நாலே நாலில்.

முதலாளி நோட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், மனம் தேறவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. முப்பது ஸ்கேன் சென்டர்களுக்குச் சாமான் வாங்கும் ஒரு மேடம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அவர் கண்முன்னே நாற்பது போகிற பெட்டி ஓடிக்காட்ட வேண்டும். ஓடினால் நாற்பது. சொதப்பினால் இருபது. அன்று நாலு மணிக்கு அட்டைப்பெட்டியின் வடிவமைப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஐயாயிரம் பெட்டி அச்சானால் இரண்டு வருஷத்துக்கு அந்தச் சிப்புதான், மாற்ற முடியாது.

“சொதப்பினா அப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன் சார்” என்றார் அண்ணி. நாற்பதுக்காக அவர் இரண்டு வருஷம் உழைத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் முதலாளி என்னிடம், “அந்த மேஜையைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி வைம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். அண்ணி சாப்பிடப் போயிருந்தார். நார் நாராகத் தொங்கிய நூலையெல்லாம் பார்த்தேன். வரப்போகிற மேடம் என்ன நினைப்பார்? கத்திரிக்கோலை எடுத்தேன். நூலையெல்லாம் சுத்தமாக வெட்டி, இருபத்தேழு ஒயரையும் ஒரே அளவில் சுருட்டி, கறுப்புப் பட்டி போட்டு, தட்டில் வரிசையாக அடுக்கினேன். அவ்வளவு அழகு! நூலைக் கூட்டி அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். முடிச்சுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் என் புத்தி எங்கே மேயப் போயிற்று என்றுதான் தெரியவில்லை.

இரண்டே கால் மணிக்கு அண்ணி வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நூல் எங்கே?”

“அண்ணி... அசிங்கமா இருக்குன்னு...”

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். “சரி, அழுறதை அப்புறம் வச்சுக்கலாம். கதவைச் சாத்திட்டு வா.”

ஒயரைச் செருகினால் வேகம் தெரிந்துவிடுமே, இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஒயரைச் சோதிக்கும் கருவி பழுது பார்க்கப் போய் மூன்று வாரம் ஆகிறது. நாற்பது பெட்டியோ ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. விடாமல் நாலைந்து முறை ஓட்டினால் கொதித்துவிடும். கொதித்தால் தானாகவே மெதுவாகும். அப்புறம் நல்ல ஒயரைச் செருகினாலும் நாற்பது வராது. ஆக, ஓட்டிப் பார்க்க மூன்று வாய்ப்பு, மேடத்துக்குக் காட்ட ஒன்று. எதிரே இருபத்தேழு ஒயர், அதில் நாற்பது போகிற ஒயர் இரண்டே இரண்டு.

“நான் வாங்கின நாற்பது ஒயர் ரெண்டும் ரெண்டு முழத்துக்குள்ளதான். நீளமா இருந்தா அந்த வேகம் தாங்காது. பட்டியை அவுத்து, கையை நீட்டி அளந்து பாரு” என்றார் அண்ணி.

நான் அவிழ்த்தேன், அளந்தேன். அழகாகச் சுருட்டிய அதே கையால் அரக்கப் பரக்க அவிழ்த்தேன். பதினாலு ஒயர் நீளம் அதிகம், தரையில் விழுந்தன. மிச்சம் பதிமூன்று.

“இப்ப லேப்டாப்புக்கும் அந்தப் பெரிய திரைக்கும் நடுவுல ஒவ்வொண்ணா போடு. படம் வரலைன்னா சார்ஜர் ஒயர்.”

செருகினேன். படம் வந்தது. அடுத்தது, வந்தது. அடுத்தது, கறுப்பு. தரையில் வீசினேன். எனக்குள் ஒரு வெறி ஏறிவிட்டது. ஐந்து கறுப்பு. மிச்சம் எட்டு.

எட்டில் ஒன்றைப் பெட்டியில் செருகி ஓட்டினார் அண்ணி. நல்ல நாற்பது ஒயர் என்றால் திரையில், நொடிக்கு எத்தனை எம்பி என்ற கணக்கில், மூவாயிரத்துக்கு மேல் எண் வர வேண்டும். ஆயிரம் வந்தது. அது பத்து ஜிகாபிட். இரண்டாவது, ஐந்நூறு. மூன்றாவதைச் செருகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மறுபடி ஆயிரம். அண்ணி பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

“சுடுது” என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மணி இரண்டு ஐம்பது. முதலாளி இளித்த முகத்தோடு மேடத்தை அழைத்துவந்தார். தரை முழுக்க ஒயர், நடுவில் நான் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்குப் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. “மேடம், நீங்க முதல்ல ஒரு காபி...”

“இங்க என்ன நடக்குது?” என்று மேடம் கேட்டார்.

அண்ணி மூடி மறைக்கவில்லை. “எங்க ஒயர் எல்லாம் கலந்துபோச்சு மேடம். நாற்பது எதுன்னு தேடுறோம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு பாருங்க.”

மேடம் குனிந்து ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கைப்பையிலிருந்து புது லேப்டாப்பையும் ஒரு வெள்ளை ஒயரையும் எடுத்து மேஜையில் வைத்தார். “எங்க சென்டர்ல எல்லாரும் இதைத்தான் போடுவாங்க. என் ஃபோனோட வந்தது. உங்க நாற்பது பெட்டியை இதுல ஓட்டிக் காட்டுங்க.”

செருகினார்கள். முப்பத்தெட்டு.

மூவாயிரம் வர வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு! முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மறுகை ஃபோனைத் தேடியது. இருபதை அச்சடிக்கச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு அண்ணியின் வாயை நானே தைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அண்ணியைப் பார்த்தால், மனுஷி சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதே ஒயர்தான் மேடம்! உங்க முப்பது சென்டர்லயும் மேஜை மேல கிடக்கிறது இதேதான். நான் ஒரு தடவை இதால ஒரு பெரியவரை ஒரு நாள் காக்க வச்சேன். ஓடட்டும், நிறுத்தாதீங்க. ஒரு ரெண்டு நிமிஷம் இப்படியே ஓடட்டும்.”

ஏன் ஓடட்டும் என்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இந்த வேகத்தில் ஓடுவது பெட்டிக்குத் தூங்குகிற மாதிரி. அது ஆறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் அண்ணி மிச்சமிருந்த ஐந்து ஒயரையும் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாக வளைத்தார், விட்டார். வளைத்தார், விட்டார்.

“நாற்பது ஒயருக்கு உள்ள ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் தனித்தனியா தகடு சுத்தியிருக்கும். வளைச்சா முறைக்கும்” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். நாலாவதை வளைத்தார். அது டக்கென்று நிமிர்ந்தது. கண்ணைத் திறந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். “ஆறிடுச்சு. மேடம், உங்க லேப்டாப்லயே போடுறேன். உங்க சென்டரோட ஒரு நாள் படம் மொத்தமும் ஏத்துங்க.”

இருந்தது அந்த ஒரே வாய்ப்பு. அது தப்பினால் எல்லாம் முடிந்தது. செருகினார். மேடம் பொத்தானைத் தட்டினார்.

மூவாயிரத்து நூறு.

நான் கத்தினேன். வெட்கம் கெட்டுக் கத்தினேன். கீழே கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ உடைந்துவிட்டது என்று மேலே ஓடிவந்தார். இருநூறு ஜிபி படம், ஒரு நிமிஷம் பத்து நொடியில் ஏறி முடிந்தது. மேடம் வாயில் வைத்த கையை எடுக்கவில்லை.

அண்ணி அதோடு விடவில்லை. அதே லேப்டாப், அதே ஒயர், பெட்டியை மட்டும் மாற்றி முதலாளியின் இருபது பெட்டியைச் செருகினார். ஆயிரம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. “பத்துக்கு இறங்கிடுச்சு பாருங்க சார்” என்றார், அவ்வளவு மெதுவாக. முதலாளி அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து, முப்பத்தொரு கம்ப்யூட்டரையும் முதல்முறையாக வரி வரியாகப் படித்தார்.

“நாளைக்கு எண்பது வருதுன்னு சொல்றாங்களே?” என்று மேடம் கேட்டார்.

“வந்தா ஐஞ்சாவது முடிச்சு. ஆனா அந்த எண்பது வாய்லயும் இந்த நாற்பது பெட்டி நாற்பதாவே ஓடும். இருபதைத்தான் வழியிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க.”

மேடம் தலையசைத்தார். “சரி, நாற்பதே வேணும். ஆனா எங்க ஆளுங்களுக்கு எது எந்த ஒயர்னு எப்படித் தெரியும்? முப்பது சென்டருக்கும் நூல் கட்டி அனுப்புவீங்களா? யாராவது சுத்தம் பண்றேன்னு வெட்டிட்டா?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர்கூடப் பார்த்தார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. காது சுட்டது. ஆனால் வெட்டியவளுக்குத்தானே தெரியும், எதை வெட்ட முடியாது என்று!

“ரப்பர்லயே போட்டுடலாம்” என்றேன். “ஒயரோட கழுத்துல, அச்சுலயே நாலு புடைப்பு. முடிச்சு மாதிரியே. கத்திரிக்கோலுக்குச் சிக்காது. இருட்டுல தடவினாலும் தெரியும்.”

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவ வெட்டினதும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான்” என்றார் மேடத்திடம். முதலாளி பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாலு மணிக்கு அச்சகத்திலிருந்து ஃபோன் வந்தது. நாற்பது என்று போட்ட அட்டை மாதிரியை அனுப்பினேன். அனுப்பும் முன் முகப்பிலிருந்த ‘மின்னல் வேகம்’ என்ற என் வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: ‘நாலு முடிச்சு உள்ள ஒயரை மட்டும் செருகவும்.’ எட்டு வருஷத்தில் அட்டையில் நான் எழுதிய உண்மையான வரி அது ஒன்றுதான்.

ஒன்றரை மாதம் கழித்து அச்சில் வார்த்த முதல் ஒயர் வந்தது. அண்ணி உறையைப் பிரித்து, கழுத்தில் இருந்த நாலு புடைப்பையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். இரண்டாம் முறையும் தடவினார். பிறகு என் மேஜைக்கு வந்து ஒயரை என் கையில் வைத்தார். என் டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“இப்ப வெட்டு பாக்கலாம்” என்றார்.